பெயின்டர் வீட்டுப் புட்டிங்

சர்க்கரை கருகிவிட்டதா இல்லையா என்று தையல்காரிக்குத் தெரியவில்லை.

அடி கனத்த வாணலியில் அது உருகி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நிறம் மாறிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் இந்த வேலையின்போது அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். முன்னறையில் மெஷினை மிதித்துக்கொண்டிருப்பாள். மணம் வந்து கூப்பிடும். முதலில் வெறும் இனிப்பாக ஒன்று வரும், பிறகு கடலை வறுத்தது போல ஒன்று, அதற்கும் பிறகு மூக்கின் உள்ளே லேசாகக் கீறுகிற ஒரு கசப்பு. அந்தக் கீறல் வந்ததும் எழுந்துபோய் இறக்குவாள். ஒரு தடவையும் தவறியதில்லை.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் போகும்போது அவளுடைய மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. கூடவே நாக்கில் பாதியை. உப்பும் சர்க்கரையும் எங்கோ தூரத்தில் யாரோ கூப்பிடுவது போலத் தெரியும். மற்றபடி வாயில் போடுவதெல்லாம் சூடா, ஆறியதா, மெத்தென்று இருக்கிறதா, மொறுமொறுப்பா, அவ்வளவுதான். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சில பேருக்குச் சீக்கிரம் வரும், சில பேருக்கு நாளாகும்" என்றார். வராமலே போகிறவர்களைப் பற்றி அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்."

பெயின்டர் கையைத் துணியில் துடைத்தபடி வந்து நின்றார். கரண்டி நுனியில் ஒட்டியிருந்த பாகை ஊதி அவர் வாயில் வைத்தாள்.

"கசக்குதா?"

"நல்லாருக்கு."

"நல்லாருக்கான்னு கேக்கல. கசக்குதான்னு கேட்டேன்."

"நல்லாருக்குன்னா கசக்கலன்னுதானே அர்த்தம்? உன் கையால செஞ்சது என்னைக்கு நல்லா இல்லாம இருந்திருக்கு?"

தெருவில் அவருக்கு 'நல்லாருக்கு' என்றே பேர். டீக்கடையில் போன வாரத்துப் பன்னைக் கொடுத்தாலும் நல்லாருக்கு என்பார். கல்யாண வீட்டில் அடிப்பிடித்த சோறு போட்டார்கள், ஊரே முகத்தைச் சுளித்தது, இவர் மட்டும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆனால் அதே ஆள் வேலைக்குப் போனால் வேறு ஆள். லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் ஸ்பிரே பெயின்டர். இரண்டு வெள்ளையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்றில் துளி நீலம் விழுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒரு கதவின் நிறம் மற்றதோடு ஒரு நூல் ஒட்டாவிட்டால் முழுதும் சுரண்டிவிட்டு மறுபடி அடிப்பார். முதலாளி கத்துவார், லாரிக்காரர் கெஞ்சுவார், இவர் காதில் விழாது.

அந்தக் கவனத்தில் ஒரு துளியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன என்று அவள் பல நாள் நினைத்ததுண்டு. இந்த வருடம் நினைப்பதோடு நிற்கவில்லை, நெஞ்சு எரிந்தது. ஏனென்றால் இந்த வருடம் அவர் நாக்குதான் அவளுடைய நாக்கு.

வருடக் கடைசி விடுமுறைக்கு அவருடைய உடன்பிறப்புகள் எல்லோரும் இந்த வீட்டில்தான் கூடுவார்கள். வீடு என்றால் மோட்டார் காயில் கட்டுகிற கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் ஒரு சின்ன ஸ்டோர். பெரிய வீடு அவருடைய அக்காவுக்குத்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்கிறவள் அந்த நாத்தனார். வீட்டுக்கு வருகிறவர்களையும் என்ன நோய் என்று கேட்கிற தோரணையிலேயே பார்ப்பாள். தையல்காரி கல்யாணமாகி வந்த புதிதில், "ஒண்ணும் கொண்டு வராதவ" என்று அவள் சொன்னது இவள் காதில் விழவேண்டும் என்றே சொன்னது. அந்த வருடக் கடைசியில்தான் தையல்காரி முதல்முதலாக முட்டையும் பாலும் சர்க்கரையும் வைத்து ஒரு புட்டிங் செய்தாள். நாத்தனாரின் கணவர், பஸ் கண்டக்டர், மூன்று கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, "இனிமே லீவுன்னா இங்கதான். டிக்கெட் போட்டாச்சு, யாரும் எறங்க முடியாது" என்றார். அன்றைக்குத்தான் இந்தக் குடும்பத்தில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது.

அந்த இடம் மூக்கு இல்லாதவளுக்கு இருக்காது என்று அவளுக்குத் தெரியும். நாத்தனார் காதில் போட்டால் போதும். "பாவம்மா, உனக்கு எதுக்குச் சிரமம்? எங்க வீட்டுல வச்சுப்போம், கடையில வாங்கிப்போம்" என்பாள். அந்தப் பாவத்துக்கு முன்னால் பழைய ஏச்சே தேவலை. அதனால் கணவனைத் தவிர ஒருவரிடமும் சொல்லவில்லை. அவரிடம் சொன்ன அன்று மடியில் தலைவைத்து அழுதாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்து, "சரியாயிடும்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது பாகை அச்சுகளில் ஊற்றினாள். முட்டையும் பாலும் கலந்து மேலே விட்டு ஆவியில் வைத்தாள். பிஸ்கட்டைப் பாலில் நனைத்து, அடித்த வெண்ணெயைத் தடவி, அடுக்கடுக்காக இன்னொரு தட்டு. கேக் ஒன்று, அதன் மேல் கிரீம். எல்லாவற்றையும் தைக்கிற கணக்கில் செய்தாள். கண்ணால் அளந்து, விரலால் தொட்டு. வெந்ததா என்பதைக் குச்சி சொன்னது. இறுகியதா என்பதைத் தட்டின் ஆட்டம் சொன்னது. விரல் பொய் சொல்லாது என்பது தையல்காரிக்குத் தெரிந்த ஒரே பாடம்.

ஃபிரிட்ஜில் இவ்வளவும் கொள்ளாது. வருடாவருடம் ஸ்டோரில் இருக்கும் இரும்பு அலமாரியில்தான் வைப்பாள். வெயில் எட்டாத இடம், கதவைச் சாத்திவிட்டால் எறும்பும் ஏறாது. போன வருடம் நாத்தனார் அதைத் திறந்து பார்த்து, "இந்தத் துருவுலயா சாப்பாடு வைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தாள். அதைப் பெயின்டர் மனதில் வைத்திருந்தார் போலிருக்கிறது. இந்த வருடம் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளும் வெளியும் சுரண்டி, வெள்ளை அடித்து வைத்திருந்தார். பால் போல இருந்தது.

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தயங்கினாள்.

"காஞ்சிடுச்சா?"

"தொட்டுப் பாரு."

தொட்டாள். விரலில் ஒட்டவில்லை. நகத்தால் லேசாக அழுத்திப் பார்த்தாள். பதியவில்லை.

"வாசனை எதாச்சும் இருக்கா? எனக்குத் தெரியாது, நீங்க பாத்துச் சொல்லுங்க."

அவர் அலமாரிக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்தார். வெளியே வந்து, "ஒண்ணும் இல்ல" என்றார்.

வைத்துக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலையிலிருந்தே தூறல். மெஷினைச் சுவரோரம் தள்ளி, வெட்டிய துணி மூட்டைகளைக் கட்டிலுக்கு அடியில் போட்டு, முன்னறையில் பாய் விரித்தாள். கறிக்குழம்பும் சோறும் ஆயின. உப்புக் காரம் பார்க்கச் சொன்னதற்கும் அதே பதில்தான் வந்தது.

கண்டக்டர்தான் முதலில் படியேறி வந்தார். குடையை உதறியபடி மூக்கை உறிஞ்சினார்.

"என்னடா மாப்ள, புது பெயின்ட் வாசம் தூக்குது? வீட்ட வித்துட்டுப் போகப் போறியா?"

தையல்காரி சட்டென்று திரும்பினாள். "வாசம் வருதாண்ணே? எங்கிருந்து?"

"பெயின்டர் வீட்டுல பெயின்ட் வாசம் வராம ஊதுபத்தி வாசமா வரும் தங்கச்சி?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே, "அலமாரிக்கு அடிச்சேன் மாமா, வாங்க உக்காருங்க" என்றார். அவள் கண்ணால் கேட்டாள். அவர் கையை ஆட்டி ஒன்றுமில்லை என்றார்.

பின்னாலேயே நாத்தனார், கொழுந்தன், அவன் மனைவி, பிள்ளைகள். நாத்தனார் உட்காருவதற்கு முன்பே, "மெலிஞ்சுட்டியே, உடம்புக்கு என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்லண்ணி. தையல் ஜாஸ்தி."

சாப்பாடு கலகலவென்று போயிற்று. கொழுந்தன் தன் மேலதிகாரியைத் திட்டினான். கண்டக்டர், சில்லறை இல்லை என்று சண்டை போட்ட ஒருவர் இறங்கும்போது பை கிழிந்து சில்லறை கொட்டிய கதையைச் சொன்னார். அதைப் போன வருடமும் சொன்னார். எல்லோரும் போன வருடம் போலவே சிரித்தார்கள்.

பிறகு அவள் அலமாரியைத் திறந்தாள். புட்டிங்கைத் தட்டில் கவிழ்த்தபோது பாகு பழுப்பாக வழிந்தது. கிண்ணங்களில் போட்டுக் கொடுத்தாள். பிஸ்கட் அடுக்கை வெட்டி வைத்தாள். கேக்கை வைத்தாள்.

பேச்சு நின்றது.

முதலில் அவள் அதை நல்லதாகத்தான் எடுத்துக்கொண்டாள். நல்ல இனிப்பு வாயில் போனால் பேச்சு நிற்கும். ஆனால் பேச்சு திரும்பவில்லை. கொழுந்தன் மனைவி கரண்டியால் கிண்ணத்தின் ஓரத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லாருக்குக்கா." ஆனால் கிண்ணம் நிறைந்திருந்தது.

"நீங்கண்ணே?"

"ஃபஸ்ட் கிளாஸ்" என்றார் கண்டக்டர். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். மூன்று கிண்ணம் சாப்பிடுகிற மனிதர் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கடகடவென்று குடித்தார்.

அவள் சமையலறைக்குத் திரும்பினாள். அங்கே நாத்தனார் குழாயை மெல்லத் திறந்துவிட்டு, கிண்ணத்திலிருந்ததைக் கரண்டியால் தொட்டியில் தள்ளிக்கொண்டிருந்தாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"வயிறு ஃபுல்லாயிடுச்சும்மா" என்றாள் நாத்தனார்.

"பொய் சொல்லாதீங்கண்ணி."

"என்னம்மா இது..."

"இருபது வருஷமா நீங்க எங்கிட்ட ஒளிவுமறைவா பேசினதே இல்ல. நல்லதோ கெட்டதோ மூஞ்சிக்கு நேராத்தான் சொல்லுவீங்க. இன்னைக்கு மட்டும் ஏன் கொட்டிட்டு மழுப்புறீங்க? என்ன ஆச்சு அதுல?"

நாத்தனார் குழாயை மூடினாள். "பெயின்ட்டும்மா. வாயில வச்சா பெயின்ட்டுதான். தின்னர் குடிச்ச மாதிரி. உனக்குத் தெரியலயா?"

தையல்காரி முன்னறைக்கு வந்தாள். கண்டக்டர் தன் கிண்ணத்தைத் தையல் மெஷினின் மூடிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல தங்கச்சி..." அவர் தலையைச் சொறிந்தார். "டிப்போவுக்குப் புது வண்டி வரும்ல, கண்ணாடியெல்லாம் மூடி? அதுக்குள்ள ஏறி உக்காந்த மாதிரி இருக்கு. வண்டி நல்ல வண்டிதான். ஆனா சாப்பிட முடியல."

ஒரு பிள்ளை சிரித்தது. அதன் அம்மா தொடையில் கிள்ளினாள்.

அறையில் ஒரே ஒரு கிண்ணம்தான் காலியாக இருந்தது. பெயின்டர் அடியில் ஒட்டியிருந்த பாகையும் வழித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்லுங்க" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "எப்படி இருக்கு?"

அவர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "நல்லாரு..." என்று தொடங்கி நிறுத்தினார்.

அவள் பிஸ்கட் தட்டைத் தூக்கி அவர் மூக்குக்குக் கீழே நீட்டினாள். "மோந்து பாருங்க."

"எதுக்கு இப்ப..."

"மோந்து பாருங்கன்னு சொன்னேன்!"

அவர் மோந்து பார்த்தார். நெஞ்சு நிறைய இழுத்தார். முன்தினம் அலமாரிக்குள் இழுத்த அதே இழுப்பு. அவர் முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. எதிரே இருந்த கண்டக்டர் அந்தத் தட்டின் வாசத்துக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டார், இவர் முகம் சுவர் மாதிரி இருந்தது.

"உங்களுக்குத் தெரியல" என்றாள்.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எத்தன நாளா?"

"வேலைக்குச் சேந்த புதுசுல தின்னர் வாசத்துக்குத் தலை வலிக்கும்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "மூக்குல கட்டத் துணி கேட்டா முதலாளி சிரிப்பாரு. அப்புறம் ஒரு நாள் தலை வலிக்கல. பழகிடுச்சுன்னு சந்தோசப்பட்டேன். மூக்குதான் போயிடுச்சுன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது. நம்ம கல்யாணத்துக்கு முந்தியே."

"கல்யாணத்துக்கு முந்தியே" என்று அவள் திருப்பிச் சொன்னாள்.

இத்தனை வருடமாக அவர் சொன்ன நல்லாருக்கு எல்லாம் ஒன்றின் பின் ஒன்றாக அவள் முன்னால் வந்து நின்றது. முதல் புட்டிங்குக்குச் சொன்னது. உடம்பு முடியாமல் எழுந்து வைத்த கஞ்சிக்குச் சொன்னது. அவளுக்கு அவை எல்லாமே போனாலும் பரவாயில்லை என்று பட்டது. பொறுக்கமுடியாதது வேறு ஒன்று.

"நான் உன் மடியில படுத்து அழுதேன்."

பின்னாலேயே வந்து வாசலில் நின்ற நாத்தனார் நிமிர்ந்தாள். "என்னம்மா, தம்பிய நீ வான்னு..."

"நீங்க சும்மா இருங்கண்ணி!" அவள் திரும்பவேயில்லை. "எனக்கு மணம் போயிடுச்சு, உலகமே போன மாதிரி இருக்குன்னு அழுதேன். சோறு திங்கும்போது தனியா ஒரு ரூம்ல அடைச்சுவச்ச மாதிரி இருக்குன்னு சொன்னேன். நீ என்ன சொன்ன? சரியாயிடும்ன. அந்த ரூம்ல நீ எனக்கு முன்னாடியே உக்காந்திருந்திருக்க. எனக்கும் இப்படித்தாம்மான்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வரலயா உனக்கு?"

"நீ பயந்துடுவேன்னு..."

"நான் பயந்துதான் கெடந்தேன்! தெனமும் கரண்டியத் தூக்கிட்டு உங்கிட்ட வந்தேன். குருடன் கையப் புடிச்சிட்டு ரோடு தாண்டுறோம்னு குருடிக்குத் தெரியாம நடத்திக் கூட்டிட்டுப் போயிருக்க. அலமாரிக்குள்ள தலைய விட்டியே, அப்பவாவது? தெரியலன்னு சொல்ல ஒரு நிமிசம் ஆகுமா?"

கொழுந்தன் எழுந்து பிள்ளைகளைப் பால்கனிக்குக் கூட்டிப்போக நகர்ந்தான். அவன் மனைவி அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். மழை பலத்திருந்தது. கீழே கடையின் தகரக் கூரை படபடத்தது.

நாத்தனார் மெல்ல அவள் தோளைத் தொட்டாள். "உனக்கும் மணம் தெரியாதா? ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல? பாவம்... சரி விடு. அடுத்த வருசம் எங்க வீட்டுல வச்சுப்போம். இனிப்பு கடையில சொல்லிடுறேன். நீ வந்து உக்காந்து சாப்பிடு போதும்."

இதோ வந்துவிட்டது. இதற்குத்தானே இத்தனை நாள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். வந்தேவிட்ட பிறகு பயப்பட ஒன்றும் மிச்சமில்லை. கோபம்தான் மிச்சமிருந்தது. அது கைகால்களுக்கெல்லாம் பரவி, ஒருவகைத் தெம்பாகவே இருந்தது.

"யாரும் எங்கயும் போகக்கூடாது" என்றாள். "இனிப்பு சாப்பிடாம இந்த வீட்டுலேர்ந்து இன்னைக்கு யாரும் படி எறங்கக்கூடாது."

"இந்தத் தட்டையா?" என்றார் கண்டக்டர் கலவரமாக.

"வேற செய்யப்போறேன். அண்ணி, சமையல்கட்டுக்கு வாங்க. அண்ணே, நீங்களும்."

"நான் எதுக்கு?"

"உங்ககிட்ட மூக்கு இருக்குல்ல?"

பிஸ்கட் அடுக்கையும் கேக்கையும் குப்பைக் கூடையில் கவிழ்த்தாள். முட்டை மிச்சமிருந்தது, பால் இருந்தது, காலையில் வாங்கிய பிரெட் இருந்தது. கண்டக்டர் பால் பாத்திரத்தை மோந்து நல்ல பால் என்றார். வெண்ணெயை மோந்து, தள்ளி வைத்துவிட்டு, "இது வேணாம், லேசா அடிக்குது" என்றார். ஸ்டோருக்குப் பக்கத்தில் இருந்த வெண்ணெய். ஃபிரிட்ஜில் இருந்த இன்னொரு கட்டியை எடுத்துக் கொடுத்தாள். அது தேறியது.

பிரெட்டை முட்டைப் பாலில் நனைத்து வெண்ணெயில் பொரித்தாள். பக்கத்து அடுப்பில் வாணலியை வைத்துச் சர்க்கரையைக் கொட்டினாள். பிறகு திரும்பிப் பார்க்காமல், "நீயும் வா" என்றாள்.

பெயின்டர் வாசற்படியில் வந்து நின்றார்.

"வாணலியப் பாரு. கண்ணு நல்லா இருக்குல்ல?"

"இருக்கு."

"அதையாவது ஒழுங்காச் சொல்லு."

அவர் குனிந்து பார்த்தார். சர்க்கரை உருகத் தொடங்கியது. நாலு பேர் நிற்க முடியாத சமையலறையில் நாலு பேர் நின்றார்கள்.

"எறக்கட்டுமா?" என்றாள்.

"வேணாம். இன்னும் வைக்கோல் நிறந்தான். உள்ள பச்ச இருக்கு."

"இப்ப?"

"தேன் மாதிரி வந்திருக்கு. இரு."

கண்டக்டர் மூக்கை நீட்டி, "வறுத்த வாசம் வருது தங்கச்சி" என்றார்.

"எறக்கு" என்றார் பெயின்டர். "இப்ப. தேக்கு நிறம் வந்துடுச்சு."

இறக்கினாள். பொரித்த துண்டுகளின் மேல் ஊற்றினாள். முதல் துண்டை நாத்தனாரிடம் நீட்டினாள். "சொல்லுங்கண்ணி. நல்லாருக்குன்னு மட்டும் சொன்னீங்க, இந்தக் கரண்டி உங்க மேலதான் விழும்."

நாத்தனார் கடித்தாள். மென்றாள். வரவேற்பில் உட்கார்ந்து நோயைக் கேட்கிற முகம் திரும்பி வந்தது.

"முட்ட கொஞ்சம் கவுச்சி அடிக்குது. சர்க்கரை போதும். பாகு... பாகு சரியா இருக்கு. போன வருசத்து மாதிரியே." பிறகு, யாரும் கேட்காமலே, "இன்னொண்ணு குடு" என்றாள். வாய் நிறைய வைத்துக்கொண்டு, "அடுத்த வருசம் ஏலக்காய் போட்டுடு, கவுச்சி போயிடும். நான் காலையிலேயே வந்துடுறேன். நீ பாட்டுக்குக் கண்ண மூடிட்டுச் செஞ்சு வைக்காத" என்றாள்.

தையல்காரி ஒரு துண்டைத் தன் வாயில் போட்டாள். சூடு. ஓரம் மொறுமொறுப்பு. நடுவில் மெத்து. அவ்வளவுதான். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை.

தட்டுகள் முன்னறைக்குப் போயின. பிள்ளைகள் சத்தம் போட்டன. கண்டக்டர் இரண்டாவது டிக்கெட் கேட்டார். அடுப்படியில் அவளும் பெயின்டரும் மட்டும் நின்றார்கள். அடுத்த வாணலிக்குச் சர்க்கரை போட்டிருந்தாள்.

அவர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்று முடித்தார். பழக்கத்தில் வாய் திறந்தது. அவள் பார்த்தாள். வாய் மூடியது.

"எனக்குத் தெரியல" என்றார்.

"அத அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"ஆமா."

"உங்கிட்ட நான் இன்னும் பேசி முடிக்கல. எல்லாரும் போகட்டும், வச்சுக்கிறேன்."

"சரி."

"தள்ளி நில்லு. இது கருகுது." அவள் துணியால் வாணலியின் பிடியைப் பிடித்தாள்.

"கருகல" என்றார் அவர், குனிந்து பார்த்தபடியே. "இன்னும் ரெண்டு ஷேடு இருக்கு."

அவள் பிடியை விடவில்லை. வாணலியைத் தூக்கவும் இல்லை.